கையில் ரெண்டு அஞ்சு: ஃபிளாப்புக்கு அப்புறம் என்ன பண்ணலாம்?

பையில் சிவப்புப் பந்து, நீலப் பந்து கணக்கு போட்டு அலுத்துப் போனவங்களுக்காக ஒரு பிராபபிலிட்டி பாடம். டெக்ஸாஸ் ஹோல்டெம் போக்கரில் உங்க கைக்கு ரெண்டு சீட்டு வரும். ரெண்டுமே அஞ்சுன்னு வைங்க. இதுதான் சின்ன பாக்கெட் பேர். அடுத்து நடுவில் திறக்கிற மூணு பொதுச் சீட்டு ஃபிளாப். அதுக்கப்புறம் டர்ன் ஒண்ணு, ரிவர் ஒண்ணு.

காசு வேண்டாம். எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக்குப் பஞ்சமில்ல. ஆளுக்கு 100 எண்ணி வச்சுக்கோங்க.

மீதி 50 சீட்டில் இன்னும் 2 அஞ்சு இருக்கு. ஃபிளாப்பில் ஒண்ணுகூட வராம போக வாய்ப்பு: (48×47×46) ÷ (50×49×48) = 88.2%. அதாவது மூணு அஞ்சு சேர்ந்து 'செட்' ஆகிறது எட்டரை தடவைக்கு ஒரு தடவைதான். ஆனா ஃபிளாப்பில் அஞ்சை விடப் பெரிய சீட்டு ஒண்ணாவது வர்றது 98%.

செட் அடிச்சா: ஒளிச்சு வைக்காதீங்க, உடனே பெட் பண்ணுங்க. சின்ன ஆட்டத்தில் பலருக்கும் ஃபோல்டு பண்ண மனசு வராது. கிங்-9-5 ஃபிளாப்பில், கையில் கிங் வச்சிருக்கிறவர் கடைசி வரைக்கும் கூடவே வருவார்.

மிஸ் ஆனா: டர்னில் அஞ்சு வர வாய்ப்பு 2/47, அதாவது 4.3%. ரிவரையும் சேர்த்தா 8.4%. இப்போ நடுவில் 20 மல்லாட்டை, எதிராளி 10 போடுறார். நீங்க 10 போட்டா மொத்தம் 40. நஷ்டமில்லாம இருக்க 25% ஜெயிக்கணும். அஞ்சு வரும்னு மட்டும் நம்பினா கணக்கு இடிக்கும். எதிரில் ஒரே ஆள், ஃபிளாப் கிங்-7-2 மாதிரி சிதறி இருந்தா, உங்க ஜோடியே முன்னாடி இருக்கலாம். ஒரு தடவை கால் பண்ணலாம். மூணு நாலு பேர் இருந்து குயின்-ஜாக்-9 வந்தா, யாராவது பெட் பண்ண உடனே ஃபோல்டு.

"ஏற்கனவே போட்டுட்டேனே"ன்னு தோணும். போட்டது இனி உங்களுது இல்ல, அது பாட்டோடது. காசு ஆட்டத்தில் பலரை மூழ்கடிச்சது இந்த நினைப்புதான். ஆன்லைன் ஆட்டத்தில் பணம் இழந்தவங்க தற்கொலை செஞ்ச பிறகுதான் 2022-ல் தமிழக அரசு நீதியரசர் சந்துரு குழுவை அமைச்சுது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், போக்கரும் ரம்மியும் திறமை விளையாட்டுன்னு சொல்லுச்சு. 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்துக்கும் தடை போட்டுது. திறமை உண்டுதான். ஆனா எவ்வளவு திறமைசாலிக்கும் அந்த 88.2% குறையாது. திறமைங்கிறது அந்த 88 தடவையில் எவ்வளவு கம்மியா இழக்கிறீங்கங்கிறதுதான்.

வீட்டுப்பாடம்: ரெண்டு அஞ்சை எடுத்து வச்சுட்டு, மீதியைக் கலைச்சு 50 தடவை ஃபிளாப் திறங்க. அஞ்சு தலைகாட்டுறது 6 தடவை பக்கத்தில் இருக்கணும். 2 வந்தாலும் 10 வந்தாலும் சீட்டைத் திட்டாதீங்க. அதுக்குப் பேர்தான் வேரியன்ஸ்.