கண்ணுக்குள் ஊசியும் கதிர்வீச்சும்

காலையில் நிரையில் நிற்கும் மரங்களை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்ப்போம். பின்பு மாற்றிப் பார்ப்போம். நேரான மரம் நடுவில் நெளிந்து தோன்றினால், "வயதாகிவிட்டது" என்று இருந்துவிடலாகாது. புரை விழுந்தால் பார்வை முழுவதும் மங்கும். நாம் இங்குக் கூறும் நோயிலோ நடுப்பார்வையே கெடும். எதிரே நிற்பவரின் தோள் தெரியும், முகம் தெரியாது.

விழித்திரையின் நடுவே மக்குலா என்னும் சிறு பகுதி உண்டு. படிப்பதும் கோடு பார்த்துப் பால் வெட்டுவதும் அதன் துணையால்தான். 50 வயதைக் கடந்த சிலருக்கு அதன் அடியில் வேண்டாத இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. புகைபிடிப்போர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு மிகுதி.

அக்குழாய்களைத் தூண்டும் பொருளைத் தடுக்கும் ரானிபிசுமாப் என்னும் மருந்துக்கு 2006இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. கண்ணை மரக்கச் செய்து ஊசியால் உள்ளே செலுத்துவர். கேட்கவே நெஞ்சு நடுங்கும். ஆயினும் சில நொடிகளில் முடிந்துவிடும். உண்மையான தொல்லை வேறு. மருந்தின் வேகம் தணிந்ததும் மீண்டும் ஊசி வேண்டும், இப்படியே ஆண்டுக்கணக்கில். ஒருநாள் சம்பளத்தை விட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் பஸ் ஏறுவது எளிதன்று. ஊசியை நிறுத்தினாலோ கசிவு திரும்பக்கூடும்.

ஊசிகளைக் குறைக்கவே கதிர்வீச்சை நாடினர். ஸ்டிரான்சியம்-90 என்னும் கதிரியக்கப் பொருளை அறுவை செய்து கண்ணுள் வைத்துப் பார்த்த முயற்சி தோற்றது. ஊசி மட்டும் பெற்றோரின் பார்வையே மேலாக இருந்தது. பின்னர் அறுவையின்றி, எக்ஸ்ரே கதிர்களை மூன்று வழிகளாகச் செலுத்தி மக்குலாவில் சந்திக்கச் செய்யும் கருவி வந்தது. ஒரே முறை, 16 கிரே அளவு.

இதனைப் பிரிட்டனில் 30 மருத்துவமனைகளில், முன்பே ஊசி பெற்றுவந்த 411 நோயாளரிடம் ஆராய்ந்தனர். ஒரு பிரிவினர்க்குக் கதிர் செலுத்தாமல் கருவியின் முன் அமர்த்தியதோடு சரி. தேவைப்பட்ட ஊசி இரு பிரிவினர்க்கும் உண்டு. 2024இல் முடிவு வெளிவந்தது. ஈராண்டில் கதிர் பெற்றோர்க்குச் சராசரி 10.7 ஊசி, பெறாதோர்க்கு 13.3. பார்வையில் குறைவில்லை. ஏறத்தாழ மூன்று ஊசிதானே என்று பிறர் எண்ணலாம். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர் அப்படி எண்ணார்.

எனினும் கதிர் பெற்ற கண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் நுண்ணிய இரத்தக் குழாய்களில் மாறுதல் தென்பட்டது. கதிர்வீச்சின் தீங்கு பிந்தியும் வெளிப்படலாம். ஆதலால் ஈராண்டு முடிவை மட்டும் கொண்டு முழுத் தீர்ப்புக் கூறுதல் கூடாது. கதிர் பெற்றவர்க்கும் ஊசி அறவே நின்றுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று ஊசி போட்டுக்கொள்வோர் அடுத்த தவணை நாளைத் தவறவிடலாகாது.