ஊர் ஊராகப் பாடக் கிளம்பும் கண்ணுக்கு

கைக்குழந்தையையும் ஏழு வயதுக்காரியையும் கூட்டிக்கொண்டு நீயும் மாப்பிள்ளையும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பாடப் போவதாகச் சொன்னாய். அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் கலைஜாதாவில் தெருத்தெருவாகப் பாடியவள் என்ற உரிமையில் சில வார்த்தை சொல்கிறேன்.

1. நிகழ்ச்சி நேரத்தை வைத்துப் பயணத்தைப் போடாதே. சின்னவன் எப்போது பால் குடிப்பான், எப்போது தூங்குவான், அதை வைத்துப் போடு. காலை பத்து மணிக்குப் பாட்டு என்றால் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் அந்த ஊரில் இரு. ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்த பிள்ளை மாப்பிள்ளை தோளில் கிடந்து அழும். உன் வாய் பாடும், காது அங்கே இருக்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

2. முடிந்தவரை ரயில். 5 வயதுக்குள் டிக்கெட் இல்லை. பெரியவளுக்கு அரை டிக்கெட் எடுத்தால் பெர்த் கிடையாது. 2016-லிருந்து பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். ராத்திரிப் பயணத்துக்கு யோசிக்காமல் கட்டிவிடு. பஸ் என்றால், 2015-லிருந்து பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை வைத்திருக்கிறார்கள். பூட்டியிருந்தால் கூச்சப்படாமல் சாவி கேள்.

3. ஸ்ருதி. உனக்கு ஐந்து கட்டை சுகம். பிள்ளைகளுக்கு அது ஆகாது. கீழே இறங்கும் இடங்களில் அவர்கள் சத்தம் முனகலாகிவிடும். அதற்கு ஈடுகட்ட மேலே போகும்போது கத்துவார்கள். ஆசிரியர்கள் கத்தலைக் கேட்டுத்தான் கைதட்டுவார்கள், நீ ஏமாறாதே. உன் ஐந்துக்கு மேலே வரும் இரண்டு கட்டை வைத்துக்கொண்டு, சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவிலேயே சுற்றிவரும் மெட்டாகக் கட்டு. ஒன்றாம் வகுப்புக்கும் எட்டும். இன்னொன்று: மாப்பிள்ளை முதல் வரியை எடுத்தால், சின்னப் பிள்ளைகள் அந்தக் கட்டைக் குரலைத் தேடிக் கீழே இறங்கித் தடுமாறுவார்கள். முதல் வரி உன்னுடையதாக இருக்கட்டும். அவர் பறையைப் பார்த்துக்கொள்ளட்டும்.

4. பறை என்றதும் நினைவு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் தோல் தொய்ந்துபோகும். காய்ச்சத் தீ மூட்டப் பள்ளிக்கூடத்தில் விடமாட்டார்கள். மழை மாதங்களுக்கு ஃபைபர் போட்டது ஒன்று தனியாக இருக்கட்டும். நாதம் கொஞ்சம் தகரம்தான், என்ன செய்வது.

5. பெரியவளை மேடையில் ஏற்றாதே. "பாட்டுக்காரர் பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்று போகிற இடமெல்லாம் தலைமையாசிரியர் கேட்பார், ஆசையாகத்தான் கேட்பார். அவள் முகத்தைப் பார்க்காமல் நீயே "இன்றைக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிடு. அவள் முகத்தைப் பார்த்தாயானால் பதில் சொல்லும் பாரம் அவளுக்குப் போய்விடும். கூட்டத்தோடு உட்கார்ந்து கேட்கட்டும், சலித்தால் எழுந்து மைதானத்துக்குப் போகட்டும். உன் பாட்டு அவளுக்கு மனப்பாடம். முந்நூறாவது தடவை சிரிக்க வேண்டிய கடமை அவளுக்கு இல்லை. ஒருநாள் தானாக வந்து தாளம் போட்டால் போடட்டும். அதைப் போஸ்டரில் அடிக்காதே.

6. எப்போதும் நாலு பேரும் சேர்ந்தே சுற்றுவது என்பது சொல்ல நன்றாக இருக்கும். ஜூன் முதல் ஏப்ரல் வரை பெரியவளுக்கும் பள்ளிக்கூடம் உண்டே! அந்த மாதங்களில் ஒருவர் மட்டும் பக்கத்து மாவட்டம் போய் ராத்திரிக்குள் திரும்புங்கள். மே மாதக் கோடை முகாம்களுக்குக் குடும்பமாகக் கிளம்புங்கள். ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டில் வரும். சனி, ஞாயிறு மட்டும் கேட்டு வாங்கு.

7. நவம்பர் 14 குழந்தைகள் தினத்துக்கு எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடுவார்கள். ஒரு ஊர் போதும், மற்றவர்களுக்கு அந்த வாரத்திலேயே வேறு நாள் கொடு. பரீட்சை மாதங்களில் யாரும் கூப்பிடமாட்டார்கள்; அதற்கென்று ஆண்டு விழாப் பணத்தில் எடுத்து வை. சன்மானம் தனி, வண்டி வாடகை தனி என்று போனிலேயே பேசிவிடு. சால்வை போர்த்துவார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, கவரை அங்கேயே எண்ணிப் பார்.