பிழைக்குள்ளே ஒரு பாடம்

குளத்தில் கல்லை எறிந்தால் வட்ட வட்டமாய் அலைகள் எழுவதைப் பார்த்திருக்கிறோம். அத்தகைய அலைகள் நம் தலைக்கு மேலே, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்திலும் எழுகின்றன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? கண்ணுக்குப் புலப்படாத அவற்றை அறிஞர்கள் எவ்வாறு காண்கிறார்கள்?

மேல்வானத்துக் காற்றிலுள்ள அணுக்களிலிருந்து கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வடுக்கே அயனி மண்டலம். சில வேளைகளில் கதிரவன் மின்னேற்றம் கொண்ட துகள்களைப் பெருமளவில் வீசுகிறது. அவை பூமியின் காந்தப் புலத்தைத் தாக்கிக் குலுக்குவதே காந்தப் புயல். அப்போது துருவங்களை அடுத்த மேல்வானத்தில் பலத்த மின்னோட்டம் பாய்ந்து காற்றைச் சூடாக்குகிறது. அதுவே குளத்தில் விழுந்த கல்! அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய அலைகள், நொடிக்கு 400 முதல் 1000 மீட்டர் வேகத்தில் நிலநடுக்கோட்டை நோக்கி விரைகின்றன.

நமக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரு அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் வானொலிக் குறிகளை அனுப்புகிறது. எலெக்ட்ரான் கூட்டத்தின் ஊடே வரும்போது, அதிர்வெண் குறைந்த குறி மற்றதைவிடச் சற்றுப் பிந்தி வருகிறது. எலெக்ட்ரான்கள் மிகுந்தால் இந்த வேறுபாடும் மிகும். ஆகவே அதை அளந்தால், குறி வந்த வழியில் இருந்த எலெக்ட்ரான்களின் அளவு தெரிந்துவிடும்.

ஜப்பானில் நிலத்தின் அசைவை அளக்க 1,200க்கும் மேற்பட்ட ஜி.பி.எஸ். நிலையங்கள் அமைத்துள்ளனர். எலெக்ட்ரான்களின் அளவு ஒரு நிலையத்திற்கு மேலே ஏறி இறங்கி, பிறகு அடுத்ததற்கு மேலும் அவ்வாறே ஏறி இறங்கினால், அலையொன்று கடந்து செல்கிறது என்று பொருள். அதன் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டுவிடலாம்.

2024ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், 2003க்குப் பின் காணாத பெரும் காந்தப் புயல் வீசியது. லடாக்கிலுள்ள ஹான்லேயில் வானம் செந்நிறமாய் ஒளிர்ந்தது. அமெரிக்காவிலோ விதைப்புக் காலம்; ஜி.பி.எஸ். துணையால் நேர்கோட்டில் ஓடும் டிராக்டர்கள் தடம் தவறவே, உழவர் பலர் வேலையை நிறுத்தினர். அவர்களுக்கு இழப்பைத் தந்த அதே தாமதம், அறிஞர்களுக்கு மேல்வானத்தின் நிலையைக் காட்டியது. இவ்வறிவு வளர்ந்தால் நாளை உழவருக்கும் விமானிக்கும் முன்னெச்சரிக்கை தர இயலும்.

தோழியரே! திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும், சிவப்பு மையிட்ட இடங்களைப் பார்க்கவே அஞ்சி மடித்து வைக்கிறோம். பிழையை அளந்து பார்த்தவர்களுக்கே மேல்வானத்து அலைகள் தெரிந்தன. நாமும் ஒருமுறை விரித்துப் பார்ப்போமா?