குலையோடு தோட்டத்தை விட்டுப் போவது என்ன?

மாணவர்களே, சிலாங்கூரிலும் பேராக்கிலும் ஜொகூரிலும் நீங்கள் காணும் செம்பனைத் தோட்டங்களில் பல, முன்பு ரப்பர் தோட்டங்களாக இருந்தவை. 1960-களில் ரப்பர் விலை சரியத் தொடங்கியதும் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். மண்ணும் மழையும் மாறவில்லை. ஆனால், ரப்பருக்குப் போட்ட அளவே உரம் போட்டால் செம்பனையின் விளைச்சல் குறைந்துவிடும். ஏன்?

ரப்பரில் இருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும். செம்பனை எண்ணெயில் இவற்றோடு ஆக்சிஜனும் உண்டு. ஒளிச்சேர்க்கையின்போது மரம் இவற்றைக் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெறுகிறது. அப்படியானால் மண் எதை இழக்கிறது?

அறுவடையின் அளவைப் பாருங்கள். ஒரு ஹெக்டர் ரப்பர் தோட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் உலர் ரப்பர் தரும். நல்ல செம்பனைத் தோட்டமோ 25 டன் குலை தரும். அதில் எண்ணெய் சுமார் 5 டன்தான். மீதியுள்ள காம்பு, நார், ஓடு ஆகியவற்றில் மண்ணிலிருந்து உறிஞ்சிய தாதுக்கள் இருக்கின்றன. அந்த 25 டன் குலையோடு சுமார் 90 கிலோ பொட்டாசியம் தோட்டத்தை விட்டுப் போகிறது. ரப்பர் பாலோடு போவது இதில் சிறு பங்கே.

இலையில் உருவாகும் சர்க்கரை குலைக்குச் செல்லப் பொட்டாசியம் தேவை. அது குறைந்தால் மரம் பழைய மட்டைகளிலிருந்து எடுத்து இளம் மட்டைகளுக்கு அனுப்பும். அதனால்தான் பற்றாக்குறையின் அறிகுறியான ஆரஞ்சு நிறப் புள்ளிகள் முதலில் அடிமட்டைகளில் தோன்றுகின்றன.

சொந்த ஆலை வைத்திருக்கும் பெரிய தோட்டங்கள், பழம் உதிர்த்த வெறுங்குலைகளை மரங்களுக்கு இடையே பரப்புகின்றன. பொட்டாசியத்தில் ஒரு பகுதி இப்படி மண்ணுக்குத் திரும்புகிறது. குலையை விற்றுவிடும் சிறுதோட்டக்காரருக்கு அந்த வெறுங்குலை திரும்பக் கிடைக்காவிட்டால், அவர் காசு கொடுத்து உரம் வாங்க வேண்டும்.

எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்கிடுவோம். அவருடைய 2 ஹெக்டர் நிலம் ஆண்டுக்கு 40 டன் குலை தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழக்கும் பொட்டாசியம் 144 கிலோ. பொட்டாசியம் குளோரைடின் எடையில் 52 விழுக்காடு பொட்டாசியம். ஆகவே 277 கிலோ உரம், அதாவது 50 கிலோ மூட்டைகளில் ஐந்தரை வேண்டும். இழந்ததை ஈடுசெய்ய மட்டுமே இவ்வளவு!

அடுத்த முறை குலை ஏற்றிய லாரியைப் பார்க்கும்போது, அதில் எத்தனை கிலோ பொட்டாசியம் போகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள்.