நெல்லும் அரிசியும்: மென்பொருள் பெறும் இருவழி

வன்னி நாட்டார்க்கு நெல் வேறு, அரிசி வேறு என்று எடுத்துரைத்தல் வேண்டா. இரணைமடுவின் கீழ் விளைந்த நெல்லை வீட்டிலே அவித்து, உலர்த்தி, குற்றுவித்து உண்பாரும் உளர். குற்றிய அரிசியைக் கடையிற் கொள்வாரும் உளர். கணினிக்கு மென்பொருள் பெறுதலும் இவ்வாறே.

மென்பொருள் ஆக்குவோர் எழுதுவது மூலக்குறி. அது மனிதர் படித்தறியத் தக்கது. தொகுப்பி என்னும் கருவி அதனைக் கணினி இயற்றத்தக்க துவித வடிவாக்கும். லினக்சு என்னும் பணிசெயல் முறைமையின் வகைகளுள், 1993 இல் தோன்றிய டெபியன் தொகுத்து முடித்த துவிதப் பொதிகளை வழங்குகின்றது. இந்தியாவின் சீ-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் இதன் வழிவந்ததே. 2002 இல் முதற் பதிப்புக் கண்ட ஜென்டூவோ மூலக்குறியைத் தந்து, தொகுக்கும் பணியைப் பெறுவோன் கணினிக்கே விடுகின்றது. ஒரு மென்பொருள் வேறொன்றைச் சார்ந்து நிற்பின், அதனையும் தேடிக் கொணர்தல் இரண்டிற்கும் பொது.

தானே தொகுப்பதன் பயன் யாது? அச்சுப்பொறி இல்லாதவன் அச்சிடும் பகுதியை நீக்கியே தொகுக்கலாம். தன் கணினியின் இயல்புக்கு ஏற்பவும் அமைக்கலாம். ஆயின் காலமும் மின்சாரமும் பெரிதும் செலவாகும். நாமும் மாணவரும் பழைய கணினியொன்றில் இணைய உலாவியைக் காலையிலே தொகுக்கத் தொடங்கினோம். பாடசாலை விடும் மணி அடித்தும் அது முடிந்திலது. இடையில் மின்சாரம் நின்றால் அப்பொதியைப் பெரும்பாலும் முதலிலிருந்தே தொகுத்தல் வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை யார் மறப்பர்? (மின்பிறப்பாக்கிக்கு டீசலும் கிடையாதிருந்தது வேறு கதை.)

இனி நம்பிக்கை பற்றியது. பிறர் குற்றிய அரிசியில் என்ன கலந்ததென உண்போன் எங்ஙனம் அறிவான்? டெபியன் தன் பொதிகளின் மூலக்குறியை மறைப்பதில்லை, வேண்டுவோர் பெறலாம். அன்றியும், ஒரே மூலக்குறியை வெவ்வேறு கணினிகளில் தொகுப்பினும் எள்ளளவும் வேறுபடாத துவிதமே வருமாறு செய்யும் முயற்சியை 2013 முதல் அந்நிறுவனத்தார் மேற்கொண்டுள்ளனர். மறுபுறம், தொகுப்பியிலேயே வஞ்சம் ஒளிந்திருக்கக் கூடும் என்பதை 1984 இல் கென் தாம்சன் காட்டினார். ஆகவே தானே தொகுத்தவனும் முற்றும் அச்சமற்றவன் அல்லன்.

2023 திசெம்பர் முதல் ஜென்டூவும் துவிதப் பொதிகளைப் பெருமளவில் வழங்குகின்றது. உலாவி போன்ற பெரியவற்றை அரிசியாகவும் சிறியவற்றை நெல்லாகவும் கொள்ளலாம். நம் ஆய்வுகூடக் கணினிகளுக்கு டெபியனே தகும் என்பது நம் துணிபு. எனினும் ஒன்றை மட்டும் ஜென்டூவுக்கு ஒதுக்குதல் வேண்டும். சிறு மென்பொருளொன்றை மாணவர் தம் கையால் தொகுத்துப் பார்க்க அது போதும்.