உலோகத் துண்டு சொல்லும் செய்தி

செஞ்சிக் கோட்டைப் பீரங்கி இரும்பு என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவீர்கள். காட்டில் கிடக்கும் நசுங்கிய தகடு விமானத்தினுடையதா என்று எப்படி அறிவது?

1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அஸ்ஸாமுக்குப் புறப்பட்ட அமெரிக்க லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் 8 பேருடன் மறைந்தது. 2006-இல் அருணாசலப் பிரதேச மலைப்பகுதியில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்டன.

இத்தகைய துண்டுக்கு நாம் செய்யக்கூடிய முதல் சோதனை, ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். காற்றில் எடை 140 கிராம், நீரில் 90 கிராம் என்று கொள்வோம். எடையிழப்பு 50 கிராம். எனவே ஒப்படர்த்தி 140 ÷ 50 = 2.8. இரும்பானால் சுமார் 7.8 இருக்கும். 2.8 என்பது விமான உடல் செய்யப் பயன்பட்ட டூராலுமினின் மதிப்பு. இது அலுமினியத்துடன் சுமார் 4 சதவீதம் செம்பும், சிறிது மக்னீசியமும் மாங்கனீசும் சேர்ந்த கலவை.

அவசரப்பட வேண்டாம்! சமையல் பாத்திர அலுமினியத்துக்கும் 2.7 வரும். ஆகவே வரிசையான ரிவெட்டுகளையும், பொறித்த எண்களையும் தேட வேண்டும். தொடர் எண்ணைப் பழைய பதிவேட்டுடன் ஒப்பிட்டால், எந்த விமானம், யார் யார் சென்றார்கள் என்பது தெரியும்.

அங்கே கிடைத்த எச்சங்கள் 2016-இல் அமெரிக்கா சென்றன. 2017-இல் ஒரு வீரர் அடையாளம் காணப்பட்டு, 73 ஆண்டுகளுக்குப் பின் சொந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

சோதனையை அலுமினியக் கரண்டியில் செய்து பாருங்கள். போர்க்காலப் பொருள் எதையும் தொடாதீர்கள். வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம். காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.