குடல் பாக்டீரியாவும் புற்றுநோய் மருந்தும்

கேள்வி: இம்யூனோதெரபி எடுக்கும் என் அக்காவுக்கு புரோபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா? குடல் பாக்டீரியா சிகிச்சைக்கு உதவும் என்கிறார்களே!

பதில்: குடல் பாக்டீரியா உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நல்ல பாக்டீரியா அடங்கிய கடை மாத்திரைக்கு அது இல்லை.

இம்யூனோதெரபி மருந்துகளில் முக்கியமானவை கட்டியை நேரடியாகத் தாக்குவதில்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்குப் புற்றுநோய் போட்டிருக்கும் தடையை நீக்குகின்றன. அந்த அணுக்களின் வேகத்தைக் குடல் பாக்டீரியாவும் பாதிக்கிறது. நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோயாளிகளில் சிகிச்சையை ஒட்டி, குடல் பாக்டீரியாவையும் அழிக்கும் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்ததை 2018-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2021-இல் வெளியான, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ஆய்வு என்னை வியக்க வைத்தது. மருந்துக்கு மசியாத மெலனோமா (ஒருவகைத் தோல் புற்றுநோய்) நோயாளிகளின் குடலில், பலன் பெற்றவர்களின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைச் செலுத்தி, மருந்தையும் கொடுத்தார்கள். 15 பேரில் 6 பேருக்குப் பலன் கிடைத்தது! சிறிய ஆய்வுதான், ஆனாலும் பெரிய நம்பிக்கை.

அதே ஆண்டு ஹூஸ்டன் ஆய்வில், நார்ச்சத்து அதிகம் சாப்பிட்ட மெலனோமா நோயாளிகளுக்கு நோய் கூடுதல் காலம் கட்டுப்பட்டிருந்தது. புரோபயாடிக் கொடுத்த எலிகளிலோ சிகிச்சை மந்தமானது.

எனவே மாத்திரை வேண்டாம். மருத்துவர் தடுக்காவிட்டால் கீரை, பயறு, பழம் கொடுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். ஆனால் தொற்றுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தயங்காமல் கொடுங்கள்.